கடல்கட்டியின் மந்திரமும் எலிக்கூண்டின் இரகசியமும்

மன்னார்க் கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், கடல்கட்டி வந்து சேராமல் குளியாட்கள் தண்ணீரில் இறங்கமாட்டார்கள். சுறாவின் வாயைக் கட்டும் மந்திரம் அவரிடம் இருந்தது. அது குடும்பச் சொத்து; வெளியார் காதில் விழக்கூடாதது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கடலைக் கடந்துபோன மார்க்கோ போலோ, மீன்களைக் கட்டுகிறவர்களுக்கு எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு போனதென்றும், பகலில் போட்ட கட்டை அவர்கள் இரவில் அவிழ்த்துவிட்டார்கள் என்றும் சொல்லியிருக்கிறார். களவாகக் குளிக்க வருகிறவனுக்கு எதிராக இரவில் சுறாவே காவல். 1859இல் இலங்கையைப் பற்றிப் பெரிய நூலொன்றை வெளியிட்ட எமர்சன் ரெனன்ற் காலத்திலும் இந்த வழக்கம் மாறவில்லை. அப்போதைய கடல்கட்டிக் குடும்பத்தின் தலைவர் கத்தோலிக்கர் என்பதை அவர் குறிக்கிறார். ஓதுகிறவர் எந்தச் சமயம் என்பது குளியாட்களுக்கு ஒரு பொருட்டாக இருக்கவில்லை. அவர் இன்ன குடும்பத்தவர் என்பதே போதுமாக இருந்தது.

இதே கரையில், பாப்பாமோட்டை, விடத்தல்தீவுப் பக்கம், இன்னொரு வகை அறிவும் உண்டு. வலையில் சிக்கிய உயிர்நண்டை முன்பக்கத்தால் பிடித்தால் விரல் போகும். பின்னால் கைகொடுத்து, துடுப்புப்போன்ற கடைசிக் கால்கள் உடலோடு சேரும் இடத்தைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் அழுத்திப் பிடித்தால் கொடுக்கு எட்டாது. நண்டின் காலும் ஒடியாது. பிள்ளைக்கும் இதைக் காட்டுவார்கள், கொழும்பிலிருந்து வந்து வேடிக்கை பார்க்கிறவருக்கும் காட்டுவார்கள். மறைக்கலாம் என்ற எண்ணமே அங்கே எழுவதில்லை. ஒரே கடலை நம்பிய மக்களிடம் அறிவு இப்படி இரண்டு விதமாக இருந்திருக்கிறது: ஒன்று பூட்டியது, மற்றது திறந்து கிடப்பது. உயிருள்ள விலங்கை வைத்து மூளையையும் நடத்தையையும் ஆராயும் இன்றைய விஞ்ஞானம், தன் கைப்பக்குவத்தை இந்த இரண்டில் எதைப்போல வைத்திருக்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. பார்வைக்கு இது ஆய்வுகூட ஒழுங்கு பற்றிய சின்ன விடயம். ஆனால் எது உண்மை, யாருக்கு யார் கடன்பட்டவர் என்ற பழைய கேள்விகள் இரண்டும் இதற்குள் இருக்கின்றன. கைப்பக்குவத்தைப் பூட்டி வைப்பது உண்மைக்கும் கேடு, அதற்காக உயிர்விட்ட விலங்குக்கும் துரோகம் என்பது என் வாதம்.

முதலில் கைப்பக்குவம் என்று எதைச் சொல்கிறேன் என்பதைக் காட்ட வேண்டும். ரிச்சர்ட் மொறிஸ் என்ற ஆய்வாளர் 1981இல் அறிமுகப்படுத்திய நீர்ப்பரிசோதனை இன்றும் உலகம் முழுவதும் நடக்கிறது. வட்டமான தொட்டி, கலங்கலாக்கிய தண்ணீர், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே கண்ணுக்குத் தெரியாத ஒரு மேடை. எலியைத் தொட்டியில் விட்டால் அது நீந்தி அலைந்து மேடையைக் கண்டுபிடிக்கும். நாளுக்கு நாள் எடுக்கும் நேரம் குறைந்தால், அறையிலுள்ள அடையாளங்களை வைத்து அது இடத்தைக் கற்றுக்கொண்டது என்று கொள்கிறார்கள். ஆய்வுக்கட்டுரையில் தொட்டியின் விட்டம் இருக்கும், தண்ணீரின் வெப்பநிலை இருக்கும், எலியின் இனமும் வயதும் இருக்கும். எலியை விட்ட பிறகு ஆய்வாளர் எங்கே போய் நின்றார் என்பது பெரும்பாலும் இராது. அவர் தினமும் ஒரே மூலையில் நின்றால் எலிக்கு அவரே ஓர் அடையாளம். ஒருநாள் இடம் மாறி நின்றால் எலி வழிதவறும். ஏட்டில் அது மறதி என்று பதியப்படும். சுண்டெலிகள் சில நீந்தாமல் மிதந்தபடி கிடக்கும்; அதை ஞாபகக் குறைவு என்று எண்ணுவதா, விட்டுவிடுவதா? நனைந்த விலங்கைத் துடைத்துச் சூடேற்றாமல் அடுத்த முறை இறக்கினால், குளிரில் உடல் விறைத்து மெதுவாக நீந்தும். அதுவும் மூளைக்கோளாறாகவே கணக்கில் ஏறும். இவையெல்லாம் ஒரு கூடத்தில் பழகியவர்களுக்கு விரல்நுனியில் இருப்பவை. பக்கத்துக் கூடத்தில் புதிதாகத் தொடங்குகிறவர் ஒவ்வொன்றையும் தானே, எலிகளைச் செலவழித்துத்தான், கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

இந்தச் சில்லறை விடயங்கள் முடிவையே மாற்றிவிடுமா என்று கேட்பவர்களுக்கு 1999இல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு பதில் சொல்கிறது. க்றாப், வால்ஸ்ரன், டூடெக் என்ற மூவர் அமெரிக்காவில் போர்ட்லாந்து, அல்பனி, கனடாவில் எட்மண்டன் ஆகிய மூன்று நகரங்களில் ஒரே பரிசோதனைகளை நடத்தினார்கள். ஒரே சுண்டெலி இனங்கள், ஒரே மாதிரிக் கருவிகள், ஒரே உணவு, உள்ளூர் நேரப்படி ஒரே மணி. ஒன்றாக்கக்கூடிய எல்லாவற்றையும் ஒன்றாக்கப் பாடுபட்டார்கள். மது விருப்பம் போன்ற சிலவற்றில் முடிவுகள் ஒத்துவந்தன. பதற்றத்தை அளக்கும் பரிசோதனை போன்றவற்றில் நகரத்துக்கு நகரம் வேறுபட்டன. கட்டுரையில் போகிறபோக்கில் ஒரு குறிப்பு இருக்கிறது: எட்மண்டனில் பரிசோதனை செய்தவருக்குச் சுண்டெலி ஒவ்வாமை இருந்ததால், அவர் சுவாசக் கவசம் அணிந்தபடியே வேலை செய்தார். அந்த முகத்தைப் பார்த்து எலிகள் என்ன நினைத்தன என்பது எவருக்கும் தெரியாது. மூவரும் நேர்மையாக எழுதி வைத்ததால் நமக்குத் தெரிகிறது. எழுதாத கட்டுரைகள் எத்தனை என்று யோசித்தால் சங்கடமாக இருக்கும். மூன்று ஆண்டுகள் கழித்து, ஜெப்ரி மோகில் குழுவினர் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட பழைய பதிவுகளை எடுத்துக் கணக்கிட்டார்கள். சுண்டெலி சூடான தண்ணீரிலிருந்து வாலை இழுக்க எடுக்கும் நேரத்தை, அதன் மரபணுவைவிட, அதைக் கையில் பிடித்தவர் யார் என்பதே கூடுதலாகப் பாதித்திருந்தது. 2014இல் அதே ஆய்வுவட்டம், ஆண் ஆய்வாளர் அறையில் இருந்தால், ஏன், அவர் இரவில் அணிந்த சட்டை இருந்தாலே, எலிகள் பயத்தில் வலியைக் குறைவாகக் காட்டுகின்றன என்று கண்டது.

இன்னும் எளிமையான ஒன்றும் இருக்கிறது. சுண்டெலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுதான் காலங்காலமான பழக்கம். 2010இல் லிவர்பூல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேன் ஹர்ஸ்ற், ரெபெக்கா வெஸ்ற் இருவரும் வேறொரு வழியைச் சோதித்துப் பார்த்தார்கள்: கூண்டுக்குள் ஒரு குழாயை வைத்து, எலி தானாக உள்ளே நுழைந்ததும் குழாயோடு தூக்குவது, அல்லது இரு கைகளையும் குவித்து அள்ளி எடுப்பது. வாலால் தூக்கப்பட்டவை கையைக் கண்டதும் விலகின. மற்றவை கையைத் தேடி வந்தன, பதற்றமும் குறைவாக இருந்தது. பின்னர் நடந்த ஆய்வொன்றில், வாலால் தூக்கிய எலிகள் புதிய பொருளை ஆராயவே முன்வராமல் பரிசோதனையில் தேறாமல் போயின. குழாயில் தூக்கியவை தேறின. ஒரு பிளாஸ்ரிக் குழாய்த் துண்டின் விலை என்ன! அது தெரியாததால் எத்தனை எலிகள் முட்டாள்கள் என்று பதியப்பட்டு இறந்தன என்ற கணக்கை யாரும் எடுக்கவில்லை.

இதை வெறும் கவனக்குறைவு என்று விட்டுவிட முடியாது. கடல்கட்டியின் மந்திரம் ஏன் பல நூற்றாண்டுகள் நிலைத்தது? சுறா வராத நாளெல்லாம் மந்திரத்துக்குச் சான்று. சுறா வந்த நாளில், கட்டு எங்கோ முறையாக விழவில்லை என்று சொல்லிவிடலாம்; முறை எது என்பது அவர் ஒருவருக்கே தெரியும். தோற்க முடியாத இடத்தில் அந்த அறிவு பத்திரமாக இருந்தது. ஆய்வுகூடத்தில் சொல்லப்படாத கைப்பக்குவமும் இதே வேலையைச் செய்கிறது. வேறொருவர் செய்துபார்த்து முடிவு வராதபோது, நீங்கள் சரியாகச் செய்யவில்லை என்று ஒரே வரியில் அனுப்பிவிடலாம். சரியாகச் செய்வது எப்படி என்பது எங்கும் எழுதப்படாதவரை அந்தப் பதிலை மறுக்க வழியில்லை. பரிசோதனை சரியாக நடந்ததா என்பதற்கு முடிவே சாட்சி, முடிவு சரியா என்பதற்குப் பரிசோதனையே சாட்சி என்று சுற்றிக்கொண்டே இருக்கும் இந்தச் சிக்கலை ஹரி கொலின்ஸ் என்ற சமூகவியலாளர் விரிவாக எழுதியிருக்கிறார். என் பார்வையில் இதன் பொருள் கடுமையானது: தன் நிபந்தனைகளைச் சொல்லாத ஒரு கூற்று பொய்யாக முடியாது, பொய்யாக முடியாதது உண்மை என்ற பெயருக்கும் உரியதல்ல.

பூட்டைத் திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் மக்கொனல் நல்ல உதாரணம். தட்டைப்புழுக்கள் கற்கும் என்றும், வெட்டினால் இரு பாதிகளும் வளர்ந்து கற்றதை நினைவில் வைத்திருக்கும் என்றும், 1962இல், பழகிய புழுவைத் தின்ற புழுவுக்கும் அந்த நினைவு வந்துசேரும் என்றும் அவர் சொன்னார். புழுக்கள் கற்கும் என்ற முதல் செய்தி பரவியதுமே பாடசாலை மாணவர்கள்கூட, புழுவை எப்படி வளர்ப்பது, எப்படிப் பழக்குவது என்று கேட்டுக் கடிதம் எழுதத் தொடங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் எழுத முடியாமல், 1959இல் அவர் கேலியும் செய்முறையும் கலந்த ஓர் இதழையே தொடங்கினார். வேர்ம் றன்னர்ஸ் டைஜெஸ்ற் என்று அதற்குப் பெயர். புழு ஊர்ந்த தடத்தின் சளி அடுத்த புழுவின் நடத்தையை மாற்றும் என்பது போன்ற நுணுக்கங்களெல்லாம் பொதுவில் விவாதத்துக்கு வந்தன. பலர் செய்துபார்த்தார்கள், பலருக்கு முடிவு வரவில்லை, அவருடைய பெரிய உரிமைகோரல் மெல்லச் செல்வாக்கிழந்தது. அவர் தோற்றார் என்றே பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. தோற்கக்கூடிய இடத்தில் தன் கூற்றைத் துணிந்து வைத்ததால், அந்தக் கேள்வி செத்துப்போகவில்லை. 2013இல் ரல் ஷொம்ராற், மைக்கல் லெவின் இருவரும் மனிதக் கை படாத தானியங்கிக் கருவியால் புழுக்களைப் பழக்கி, தலை வெட்டப்பட்டு மறுபடி வளர்ந்த பிறகும் நினைவின் தடயம் இருப்பதாகக் கண்டார்கள். சுறா மந்திரத்தை அப்படி எவராலும் திரும்ப எடுத்துச் சோதிக்க முடியாது. கடல்கட்டிகளோடு அதுவும் போய்விட்டது.

உண்மைக்கு இவ்வளவு. கடன் என்ற பக்கம் இதைவிடக் கனமானது. ஒரு கைப்பக்குவம் எப்படிக் கிடைத்தது என்று பின்னால் போய்ப் பார்த்தால், அங்கே விலங்குகள் கிடக்கும். தண்ணீர் குளிர்ந்திருந்ததால் செத்தவை, மயக்கமருந்து கூடியதால் செத்தவை, பயந்து உறைந்து பயனற்றவை என்று ஒதுக்கிக் கொல்லப்பட்டவை. ஆய்வாளரின் உழைப்பும் அதில் உண்டு, மறுக்கவில்லை. அவருக்குப் பெயரும் பதவியும் கிடைத்தன. கடல்கட்டிக்கு இருபதில் ஒரு பங்கு. எலிக்கு எதுவும் இல்லை. எதையும் கொடுக்கவும் முடியாது. நாம் செய்யக்கூடியது ஒன்றுதான்: அது செத்துச் சொன்ன பாடத்தை இன்னொரு எலி மறுபடி செத்துச் சொல்லவேண்டிய நிலையை உண்டாக்காதிருப்பது. அறிந்ததை மறைப்பவர் அந்த இரண்டாவது சாவுக்குப் பொறுப்பாளி ஆகிறார்.

மன்னார்க் கரையில் அருகருகே வாழும் மூன்று சமயங்களும் அறிவை மறைப்பதைப் பற்றி வாய்மூடி இருக்கவில்லை. எசமானின் தாலந்தை நிலத்தில் புதைத்து வைத்த ஊழியன் களவு எடுக்கவில்லை, செலவழிக்கவில்லை. இருந்தும் நற்செய்தி அவனையே தண்டிக்கிறது. கேட்டவரிடம் தன் அறிவை மறைத்தவருக்கு மறுமையில் நெருப்புக் கடிவாளம் என்று எச்சரிக்கும் நபிமொழி உண்டு. வைணவ மரபில் இராமாநுசர் திருக்கோட்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்து பெற்ற இரகசியத்தைக் கோயில் மேலேறி எல்லோருக்கும் சொன்னார் என்பது தமிழர் அறிந்த கதை. அவர் கருணை பெரியது என்பதோடு அக்கதையை நாம் முடித்துவிடுகிறோம். அந்த இரகசியத்துக்கு விலை கொடுத்தவை அவருடைய சொந்தக் கால்கள் என்பதையும், மீறியதற்கான தண்டனையையும் அவர் தன் தலையிலேயே ஏற்றார் என்பதையும் கவனிக்க வேண்டும். தானே நடந்து தானே பெற்றதையே ஒருவர் பொதுவில் வைத்தார் என்றால், விலையை இன்னோர் உயிர் கொடுத்த அறிவை என்னுடையது என்று பூட்டி வைக்க எவருக்கு உரிமை?

இதற்கு வரும் மறுப்புகளில் முதலாவது, சொல்ல முடியாததை எப்படிச் சொல்வது என்பது. நாம் சொல்லக்கூடியதைவிட அறிந்திருப்பது அதிகம் என்ற கருத்தை மெய்யியலாளர் மைக்கல் பொலானி 1966இல் ஒரு சிறு நூலாகவே எழுதினார். கொலின்ஸும் எழுபதுகளில் லேசர் கருவி செய்த ஆய்வுகூடங்களைக் கவனித்து, கட்டுரையை மட்டும் வைத்துக்கொண்டு எவரும் அதை ஓடவைக்கவில்லை, ஏற்கெனவே செய்தவரோடு பழகியவர்களே வென்றார்கள் என்று காட்டினார். இது சரியே. ஆனால் மேலே வந்த உதாரணங்களைத் திரும்பப் பாருங்கள். வாலா குழாயா, ஆணா பெண்ணா, எந்த மூலையில் நின்றார், கவசம் போட்டாரா: இவற்றில் எது சொல்லுக்கு அப்பாற்பட்டது? சொல்ல முடியாதது கொஞ்சம்; சொல்லாமல் விட்டது நிறைய. மிஞ்சியதையும் காட்டலாம். நண்டைப் பிடிக்கும் விதத்தைச் சொல்லால் விளக்கித் தடுமாறுகிறவர் கையால் ஒரு நொடியில் காட்டிவிடுவார். செய்முறையைப் படம்பிடித்து வெளியிடும் ஆய்விதழ் 2006 முதல் இருக்கிறது.

இரண்டாவது மறுப்பு உழைப்பைப் பற்றியது. பத்து வருடம் பாடுபட்டுக் கற்றதை இளம் ஆய்வாளர் ஒருவர் போட்டியாளருக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டுமா? இதில் நியாயம் இருக்கிறது. அதற்குத் தீர்வு, செய்முறைக் குறிப்பையும் ஆக்கமாக எண்ணி அதற்குரிய பெயரைக் கொடுப்பது; அதை மறைக்கும் உரிமையைக் கொடுப்பதல்ல. இன்னொன்று, இந்தப் போட்டி சமநிலையில் நடப்பதும் இல்லை. விலங்கின் அசைவைக் காணொளியில் தானாகவே தொடரும் டீப்லாப்கட் என்ற மென்பொருள் 2018 முதல் இலவசம். யாழ்ப்பாண மருத்துவபீடத்து மாணவரும் தரவிறக்கலாம். கைப்பக்குவத்தைத் தரவிறக்க முடியாது. அதற்கு விமானச்சீட்டும் வீசாவும் ஒரு பெரிய கூடத்தின் தயவும் வேண்டும். கருவியைத் திறந்துவிட்டுக் கையைப் பூட்டி வைத்தால், வசதியுள்ள கூடம் தன் பழைய எலிகளின் பாடத்தால் முன்னேறும். வசதியற்ற கூடம் புதிய எலிகளைக் கொன்று அதே பாடத்தைப் படிக்கும்.

தகுதியற்றவர் கையில் போனால் கெடும் என்பது குருகுல மரபிலிருந்து வரும் மறுப்பு. உபதேசத்துக்குப் பக்குவம் பார்ப்பது நம் மரபில் வீண்வழக்கமல்ல. அரைகுறையாகக் காணொளி பார்த்து ஊசி போடுகிறவர் கையில் விலங்கு படும் பாட்டை நினைத்தால் இந்தப் பயம் புரிகிறது. ஆனால் இங்கே அனுமதி வழங்குவது ஒழுக்கநெறிக் குழுவின் வேலை. யார் செய்யலாம் என்பதில் கட்டுப்பாடு வையுங்கள். செய்ய அனுமதித்தவருக்கு எப்படி என்பதை மறைக்காதீர்கள். மறைப்பு யாரைக் காக்கிறது என்று கேட்டாலே பதில் தெரிந்துவிடும். கற்பவரையோ விலங்கையோ காத்தால் அது பக்குவம் பார்த்தல். வைத்திருப்பவரின் மதிப்பை மட்டும் காத்தால் அது கடல்கட்டியின் வழி.

எல்லாவற்றிலும் கனமானது கொல்லாமையை ஏற்றவர்களின் மறுப்பு. வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வைத்தார். வள்ளலார் உயிரிரக்கத்தையே சமயமாக்கினார். அவர்கள் வழிவந்தவர் இப்படிக் கேட்கலாம்: எலியைத் திறமையாகக் கொல்வது எப்படி என்று ஊருக்குச் சொல்லிக்கொடுப்பதை அறம் என்கிறீர்களா? ரஸல், பேர்ச் என்ற இரு ஆய்வாளர்கள் 1959இல், விலங்குக்குப் பதிலீடு தேடு, எண்ணிக்கையைக் குறை, துன்பத்தைத் தணி என்று மூன்று நெறிகளை வகுத்தபோதே இந்தச் சந்தேகம் கூடவே இருந்தது: துன்பத்தைத் தணித்தால் மனச்சாட்சியும் தணிந்துவிடாதா? இந்தக் கேள்வியை நான் தீர்த்துவிட்டதாகச் சொல்லமாட்டேன். எலியைக் கொன்று அறிய நமக்கு உரிமை உண்டா என்பது திறந்த கேள்வியாகவே நிற்கிறது. ஆனால் கொல்லாமையை உண்மையாக விரும்புகிறவருக்கு, மறைப்பைவிடப் பகிர்வே துணை. தப்பிக்க வழியில்லாத நீரில் எலியை விட்டு, அது அசையாமல் மிதக்கும் நேரத்தை மனச்சோர்வின் அளவாகக் கொள்ளும் பரிசோதனை 1977 முதல் நடந்துவருகிறது. அசையாமல் கிடப்பது சோர்வல்ல, வலுவைச் சேமிக்கக் கற்றுக்கொண்டதன் அடையாளம் என்றும், நீரின் வெப்பம் முதல் எலியின் இனம் வரை எல்லாமே முடிவை அசைக்கின்றன என்றும் ஆய்வாளர்கள் வெளிப்படையாகப் பேசியபோது அதன் மதிப்பு சரிந்தது. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2024இல் அதைச் சட்டத்தால் தடைசெய்தது. செய்முறையின் பலவீனம் வெளியே வந்ததும் அந்தத் தடைக்கு ஒரு காரணம். ஒவ்வொரு கூடமும் தன் சங்கடங்களைத் தனக்குள் வைத்திருந்தால், பயனற்ற பரிசோதனையும் பயனுள்ளதுபோல் தலைமுறைகளுக்கு நடந்துகொண்டிருக்கும்.

ஆகவே இலங்கையிலும் இந்தியாவிலும் விலங்குப் பரிசோதனைக்கு அனுமதி வழங்கும் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓர் ஆய்வாளர் இரண்டாம் முறை அனுமதி கேட்டு வரும்போது, முதல்முறை கேட்ட விலங்குகளால் கற்ற செய்முறை எங்கே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். எப்படிப் பிடித்தீர்கள், எத்தனை நாள் பழக்கினீர்கள், எவை ஏன் செத்தன, எவற்றை ஏன் கணக்கிலிருந்து விட்டீர்கள் என்பது தமிழிலோ சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எவரும் எடுத்துப் படிக்கும்படி இருக்கட்டும். அது இல்லாவிட்டால் புதிய விலங்குகளைக் கொடுக்காதீர்கள்.